சுடாமல் போன வருஷம்

என் அக்கா கன்னியம்மாளுக்கு வலது காலில் இரண்டு விரல்கள் இருக்கின்றன. மற்ற மூன்றும் போன கதையைக் கேட்பவர்களுக்கு அவளே சொல்வாள், வரப்பில் நின்றபடி, சிரித்துக்கொண்டு. டாக்டரம்மா தங்கமானவங்க, பக்கத்துக் கட்டில் பீபி தங்கமானவங்க, ஆஸ்பத்திரி சாம்பார் மட்டும் வெறும் தண்ணி. அவ்வளவுதான் அவள் கதை. அதில் அவளே இருக்கமாட்டாள். அவள் விட்டுவிடுகிற பகுதிக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். சர்க்கரை உள்ள யாராவது இதைப் படித்துவிட்டு இன்றைக்குத் தன் உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் அதுவும் போதும்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மூன்று கல் தொலைவு. ஏரிப் பாசனம், மூன்று போகம். அக்கா நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். விடியுமுன் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். பன்னிரண்டு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் வருவார்கள். யார் வயலில் முதலில் நடவு, யாருக்கு அடுத்த வாரம் என்பதை ஊரில் அவள்தான் தீர்மானிப்பாள். அவள் புருஷன் ஏழுமலை மாமா டிராக்டர் ஓட்டுவார். டிராக்டர் பேசுகிற அளவுக்கு அவர் பேசமாட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் அம்மா அவர்களோடு இருந்தாள். நான் காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்க்கிற வேலையில் இருந்தேன். அதற்கு முன் எங்கெங்கோ. ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் வடக்கே ரயிலேறிப்போய் இரண்டு வருஷம் ஒரு கடுதாசிகூடப் போடாமல் இருந்தேன். அப்போது அக்கா திரௌபதி அம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம்: தம்பி வீடு திரும்பினால் ஏழு வருஷம் தீ மிதிக்கிறேன். நான் திரும்பினேன். அவள் மிதித்தாள்.

சொல்லப்போவது ஏழாவது வருஷத்தைப் பற்றி.

அதற்கு நாலைந்து வருஷம் முன்பே அவளுக்குச் சர்க்கரை என்று தெரியும். ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்த்துச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். நன்றாக இருக்கிற நாளில் மாத்திரை எதற்கு என்று அவள் பாதி நாள் போடமாட்டாள். ஏழாவது தீமிதிக்கு முந்தைய தையில் ஒருநாள் களத்தில் நடந்து வந்தவளின் குதிகாலில் கருவேல முள் முழுசாக இறங்கியிருந்தது. பின்னால் வந்த பெண் பார்த்துக் கத்தித்தான் அவளுக்கே தெரியும்.

"காலு பஞ்சு மேல வெச்ச மாதிரியே கீதுடி இப்பல்லாம்" என்றாள் அக்கா.

"மெத்த வாங்கிப் போட்டுக்கினு நடக்கறா பாரு மகாராணி" என்று அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்திரைக் கடைசியில் தீமிதி. புளியங்கட்டைகள் பகலெல்லாம் எரிந்து, மாலையில் தணலாகி, அதைத் தட்டிப் பரப்பிச் சிவப்புப் பாய் விரித்ததுபோல் வைத்திருந்தார்கள். பத்தடி தள்ளி நின்ற எனக்கே முகம் வறண்டது. மிதிப்பது என்று பேர்தானே தவிர எல்லோரும் ஓடத்தான் செய்வார்கள். 'கோவிந்தா' என்று கத்திக்கொண்டு ஓடி, அந்தப் பக்கம் பால்குழியில் காலை நனைப்பார்கள். அக்கா ஓடவில்லை. தலையில் பூங்கரகத்தோடு நடந்தாள். நட்ட நடுக் குண்டத்தில் கரகம் லேசாகச் சாய்ந்தது. நின்றாள். இரண்டு கையாலும் அதை நேராக்கினாள். பிறகு நடந்தாள். கூட்டம் கோவிந்தா சொல்ல மறந்து நின்றது.

"சுட்லியாடி?" என்று அம்மா ஓடிவந்து கேட்டாள்.

"இல்லமா. பூ மேல நடந்தாப்பல இருந்திச்சு."

ஊர் அவள் காலில் விழுந்தது. எங்களுக்குப் பெரியப்பா முறையாகும் கோயில் தர்மகர்த்தா தன் கழுத்து மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். எனக்கு நெஞ்சு வீங்கிப்போயிற்று. அச்சகத்தில் ஒரு வாரம் அதையே பேசினேன். பொய்யான பெருமைக்கும் உண்மையான பெருமைக்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் வீங்குகிறது. உள்ளே இருப்பது எதுவென்று அதற்குத் தெரிவதில்லை.

மூன்றாம் நாள் வீட்டுச் சிமெண்ட் தரையில் ஈரக்கறை ஒன்று சமையலறைவரை போனது. அம்மா அதைப் பின்தொடர்ந்து போய் அக்காவின் காலைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, அடியில், தணல் துண்டு ஒன்று கடித்துத் தின்ற குழி. எட்டணாக் காசு அகலம்.

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல."

வலித்திருந்தால் அன்றே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். வலிக்காததால் அது புண் ஆகவில்லை, அம்மன் வைத்த முத்திரை ஆயிற்று. எங்கள் ஊரில் குண்டத்துச் சாம்பலை வீட்டுக்கு எடுத்துவந்து மாடத்தில் வைப்பது வழக்கம். அம்மா அந்தச் சாம்பலை மஞ்சளோடு குழைத்துக் குழியில் அடைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடுத்த வாரமே முதல் போகமான சொர்ணவாரிக்கு நடவு தொடங்கியது. சாம்பல் அடைத்த காலோடு அக்கா பத்து நாள் சேற்றில் நின்றாள்.

பதினோராம் நாள் அச்சகத்துக்குப் போன் வந்தது. ஏழுமலை மாமா போன் செய்வதே இல்லை என்பதால், அவர் குரலைக் கேட்டதும் பாதி விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. "ஜுரம். பேசறது ஒயிங்கா இல்ல. காலு முட்டி வரைக்கும் வீங்கிகினு கீது. வா."

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். மூன்று பேர் இருக்கையில் அவள் காலை நீட்டி உட்காரவைத்தோம். நாற்றம். முன் இருக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப்போனார்கள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். ஜுரத்தில் கண் சொருகிக் கிடந்தவள் சொன்னாள்: "ஒண்ணுமில்ல நைனா, கருவாட்டு மூட்ட. அதுக்கும் சேத்து டிக்கெட் போட்டுக்கோ."

கண்டக்டர் சிரித்துவிட்டு, ஜன்னலை அவரே திறந்துவிட்டுப் போனார்.

சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, எக்ஸ்ரேவுக்கு ஒரு நீண்ட தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தில் காத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம். பெஞ்சு மர நிறத்தில் ஒரு முகம். ஒருவர் பெயரைக் கூப்பிட்டால் எல்லோரும் நிமிர்வோம். மாமா தன் தோள்துண்டை நான்காக மடித்து அக்காவின் குதிகாலுக்கு அடியில் வைத்துப் பிடித்தபடியே மூன்று மணி நேரம் குந்தியிருந்தார். கை மாற்றலாம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. வார்டில் சேர்த்து, ஒரு கையில் குளுக்கோஸ் இல்லாத உப்புநீர் டிரிப், இன்னொரு கையில் இன்சுலின். டாக்டரம்மா சின்ன வயசு. பேச்சில் அவசரம் இல்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கட்டைவிரல் எலும்பின் ஓரம் கரையான் அரித்த சட்டம்போல் இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை.

"கண்ணை மூடிக்கோங்கம்மா. நான் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

இழை விரல் விரலாகத் தொட்டது, வளைந்தது, விலகியது. பாதத்தின் நடு. குதிகால். அக்கா 'ம்' சொல்லக் காத்துக்கொண்டே இருந்தாள். "ஆரம்பிங்கமா" என்றாள்.

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். நானும் மாமாவும் தரையைப் பார்த்தோம்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்புகள் மெல்லச் செத்துப்போகும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது. அதன் நுனி முதலில் போகும். முள் குத்தினாலும் தெரியாது, தணல் சுட்டாலும் தெரியாது. வலி என்பது காவல்காரன். அவன் இல்லாத வீட்டில் கிருமி கதவைத் திறந்து நுழைந்து, எலும்புவரை போய்விட்டது. நல்ல செய்தி ஒன்று உண்டு: காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது. இப்போதே கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல்களையும் கறுத்துப்போன சதையையும் எடுத்துவிட்டால் கால் நிற்கும். நாள் கடத்தினால் முட்டிக்குக் கீழே மொத்தமாக எடுக்கவேண்டி வரும்.

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "கத்தி வெக்கக் கூடாது" என்றாள். "இது மிதிச்ச காலு."

அன்று கையெழுத்துப் போடவில்லை. மறுநாளும் இல்லை. மாமா கெஞ்சிப் பார்த்தார். அவர் கெஞ்சுவதை அன்றுதான் கண்டேன். "ரெண்டு கையால சோறு போட்டு வெச்சுக்கறேன் கன்னி. விரலு போனாப் போவட்டும், காலு மட்டும் இருக்கட்டும்." நான் பேசினேன், நிறையப் பேசினேன். எழுதுகிறவன் பேச்சு எதற்கும் ஆகாது என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு தரம் கட்டுப் பிரிக்கும்போதும் கறுப்பு ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ரமீஜா பீ. உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம். அவருக்கும் சர்க்கரைதான், குதிகாலில் புண். காலையில் மகன் கொண்டுவரும் இட்லியில் இரண்டை எடுத்து அக்கா தட்டில் வைப்பார்.

"நாஷ்டா துன்னு கன்னிமா. பசியோட யோசிச்சா எல்லாம் பேஜாராத்தான் தெரியும்."

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா பீபி?"

"போட்டேன். போன வருசம் இந்தக் கால்ல ஒரு விரலு. அல்லா ஒம்பது மிச்சம் வெச்சாரே, அதுங்கள எண்ணிக்கினு கீறேன்."

அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை, பார்வையாளர் நேரத்தில், தர்மகர்த்தா பெரியப்பா வந்தார். அம்மாவும் கூட வந்தாள். கையில் குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலத்தில் குண்டத்துச் சாம்பல். வார்டில் பத்துப் பன்னிரண்டு கட்டில். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா குரலே அப்படி, மைக் இல்லாமல் கோயில் கூட்டம் நடத்துகிற குரல்.

"கன்னிமா, ஊரே உன் காலப் பத்தித்தான் பேசிக்கினு கீது. அம்மன் தாங்குன காலு. அதுல கத்தி வெக்கலாமா? பேர வெட்டிக்கினு வூட்டுக்கு வா. மூலிகை வைத்தியர் ஒருத்தர் கீறாரு, நானே வண்டி வெச்சு இட்டுக்கினு போறேன்."

கெட்ட மனசில் சொன்னதல்ல. அவர் கண் கலங்கியிருந்தது. மாமா எழுந்து நின்றார், உட்கார்ந்தார். அம்மா அக்காவின் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் 'சரி' என்று தலையாட்டிவிட்டால் அந்தக் கால் அவ்வளவுதான். ஒருவேளை அவளும்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தலைமாட்டில் துடைப்பம் சாய்ந்திருந்தது. "டேய் தம்பி, அதுல ஒரு ஈர்க்கு உருவி பெரிப்பா கைல குடு" என்றாள். கொடுத்தேன்.

"நான் கண்ண மூடிக்கறேன் பெரிப்பா. நீ என் காலத் தொடு. எங்க தொட்டியோ அங்க சொல்றேன்."

"இன்னாம்மா வெளாட்டு இது?"

"தொடு பெரிப்பா."

அவர் ஈர்க்கால் தொட்டார். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் அழுத்தி. அக்கா கண்ணை மூடி, அசையாமல் இருந்தாள். ஈர்க்கு வளைந்து உடைந்தது. அவர் அந்த உடைந்த நுனியால் இடது பாதத்தில் குத்தினார், அது நல்ல கால் என்று நினைத்து. அதுவும் அசையவில்லை.

"தொட்டியா?"

"பத்து தபா தொட்டேன்மா" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "இப்பச் சொல்றேன் கேளு. மொத ஆறு வருசம் சுட்டுச்சு பெரிப்பா. ஒவ்வொரு வருசமும் சுட்டுச்சு. உள்ளங்காலு கொப்புளிச்சு, வெளக்கெண்ண தடவிக்கினு படுத்துக் கெடந்தேன். வூட்டுக்காரருகிட்டகூடச் சொல்லல. சுடும்னு தெரிஞ்சேதான் அடுத்த வருசமும் எறங்கினேன். இந்த ஓடுகாலி திரும்பி வந்தானேன்னு எறங்கினேன். அதுதான் நான் அம்மனுக்குக் குடுத்தது. அந்த ஆறு வருசமும் எவனும் என் கால்ல விழல. இந்த வருசம் செத்த கால வெச்சிக்கினு நடந்தேன். சாமி தாங்கல, எனக்கு ஒறைக்கல. அதுக்குப் போயி மால போட்டீங்க."

எங்கோ ஒரு டிரிப் பாட்டில் கம்பியில் மோதிக்கொண்டிருந்தது.

"ஆறு வருசம் நானா மிதிச்சேன். அத எந்தக் கத்தியும் வெட்டாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து: "இன்னாடா நின்னுக்கினு கீற? போயி டாக்டரம்மாவக் கூட்டியா. பேனாவும் எடுத்தா."

நான் ஓடினேன். வடக்கே ரயிலேறியவனும் ஊர் ஊராக வேலை மாறியவனும் நான்தான். ஆனால் வாழ்நாளில் அன்றுதான் ஓடவேண்டிய இடத்துக்கு ஓடினேன் என்று நினைக்கிறேன்.

அவள் நடுவயதில் எழுதப் படிக்கக் கற்றவள். 'க' போட்டு, மெய்க்குப் புள்ளி வைத்து, ஒரு எழுத்தும் விடாமல் முழுப்பெயரையும் எழுதினாள். டாக்டரம்மா காத்திருந்தார். பெரியப்பா சாம்பல் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "ரத்தம் வேணும்னா சொல்லும்மா, ஊர்ப் பசங்கள அனுப்பறேன்" என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து அறுவை செய்தார்கள். அதைச் சொன்னபோது அவள், "ஏற்கெனவே மரத்ததுக்கு எதுக்குமா ஊசிய வீணாக்கறீங்க" என்றாளாம். முக்கால் மணி நேரம். வெளியே மாமா தன் தோள்துண்டை மடித்தார், பிரித்தார், மடித்தார். மூன்று விரல்கள் போயின. கால் நின்றது.

நின்றது என்று உடனே சொல்லிவிட முடியவில்லை. அடுத்து வந்த இரண்டு வாரம்தான் சோதனை. தினமும் கட்டுப் பிரித்து, செத்த சதையைக் கத்தரித்துச் சுத்தம் செய்வார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நர்சம்மாவிடம் அவர் மாமியாரைப் பற்றி விசாரிப்பாள். அந்த வலியின்மையைப் பார்க்க முடியாமல் நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, கணுக்கால் பக்கத்து ஓரத்தில் இடுக்கி பட்டது. "ஸ்ஸ்! அம்மாடி!" என்று காலை இழுத்தாள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "கத்துங்கம்மா, நல்லாக் கத்துங்க. இங்க உசிர் இருக்கு. சதை சிவப்பா வருது. புண் இதுக்கு மேல ஏறாது."

"வலிக்குதுடா தம்பி" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரமீஜா பீ தன் கட்டிலிலிருந்து கைதட்டினார்.

நடவுப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு இருவர் இருவராக வந்தார்கள், தூக்கில் கேழ்வரகுக் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு. வந்தவர்களை அக்கா சும்மா அனுப்பவில்லை. "கால நீட்டுடி. கண்ண மூடு." ஈர்க்கு தயாராக இருக்கும். அப்படித் தொட்டுப் பார்த்ததில் சரசு என்பவளுக்குச் சுண்டுவிரலில் உணர்வு இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள் அவள். "எனக்கும் ஒண்ணும் இல்லதான் இருந்திச்சு" என்றாள் அக்கா. அன்றே ரத்தம் பார்க்க வைத்தாள். சர்க்கரை இருந்தது. சரசுவுக்கு இன்றைக்கும் பத்து விரலும் இருக்கிறது.

இருபத்தாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்சுலின் மருந்தை வைக்க எங்களிடம் குளிர்பெட்டி இல்லை. ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைக்கலாம் என்று நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். கூடவே, ரப்பர் மெத்தை வைத்த ஒரு ஜோடிக் கறுப்புச் செருப்பு, அளவெடுத்துச் செய்தது. டாக்டரம்மா மூன்று முறை சொன்னார்: "தூங்கும்போது மட்டும்தான் கழட்டணும். வீட்டுக்குள்ளயும் போட்டுத்தான் நடக்கணும். சமையலறை, பூஜையறை, எங்கயும் வெறுங்கால் கூடாது."

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது தெருவே கூடியிருந்தது. தூக்க வந்த மாமாவின் கையைத் தட்டிவிட்டு, அக்கா தானே இறங்கினாள். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மூன்று சுற்று சுற்றினாள். அக்கா வாசற்படியில் காலை வைத்தாள், கறுப்புச் செருப்போடு.

"அத்தக் கழட்டிட்டு வாடி" என்றாள் அம்மா.

"கழட்ட மாட்டேன்மா."

"உள்ள சாமி மாடம் கீதுடி. அம்மன் படம் கீது."

"இருக்கட்டும். இந்தக் காலப் பாத்துக்க இனிமே செருப்புதான் கீதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

தெரு வாய்பிளந்து நின்றது. இந்த அம்மாதான் சாம்பலை அடைத்தவள். இருபத்தாறு நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். ஆரத்தித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தச் சிவப்பு நீரில் விரலைத் தோய்த்து மகளின் நெற்றியில் வைத்தாள். மறுபடி தோய்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, வலது செருப்பின் முனையில் ஒரு பொட்டு வைத்தாள்.

"புது வண்டி வாங்கினா வெக்கல? அந்த மாதிரிதான்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அக்கா கீழே பார்த்தாள்.

"அந்தாண்ட காலு இன்னா பாவம் பண்ணுச்சு? அதுக்கும் வை."